ஐந்தாவது விண்ணப்பம்

துறையின் ஆய்வு மாணவர்களுக்கெல்லாம் அவர் ‘பெரியண்ணன்’. முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. உதவித்தொகை இந்த மாதத்தோடு சரி. சம்பளமுள்ள வேலை எதுவும் கிடைக்காவிட்டால் ஆய்வைப் பாதியில் விட்டு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அந்த நேரத்தில் துறையில் கற்பித்தல் உதவியாளர் வேலை ஒன்று வந்தது. போட்டிக்கு நான்கு பேர் கிளம்பினார்கள். நால்வரும் விண்ணப்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியது பெரியண்ணனிடம்தான். தாங்கள் இவ்வளவு கெட்டிக்காரர்களா என்று அவர்களே அசந்துபோகும்படி அவரும் திருத்திக் கொடுத்தார்.

கடைசி நாள் மாலை அலுவலக அக்கா அவரைப் பிடித்துக்கொண்டார்.

“உன்னோடது எங்கப்பா?”

படிவத்தில் பெயர் மட்டும் இருந்தது. ‘உங்கள் தனித்திறமைகள்’ என்ற கட்டம் காலி.

“ஊருக்கெல்லாம் அளந்து விட்டியே, உனக்கு ஒரு வரி வரலையா?”

“நம்மளப் பத்தி நாமே எப்படிக்கா... கூச்சமா இருக்கு.”

அக்கா நால்வரையும் காதைத் திருகாத குறையாக இழுத்து வந்தார். “ஆளுக்கு ஒரு வரி எழுதுங்க. அஞ்சு மணிக்குப் பூட்டிருவேன்.”

போட்டியாளர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருத்தி பேனாவை வாங்கினாள். “ஒரே பாடத்தை எனக்கு மூன்று முறை சொல்லிக்கொடுத்தார், ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை” என்று எழுதினாள். மற்றவர்களும் எழுதினார்கள்.

வேலை பெரியண்ணனுக்கே கிடைத்தது. நால்வரில் ஒருவன் மட்டும் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. தேர்வுக் குழுவுக்கு ரொம்பப் பிடித்தது அவன் எழுதிய வரிதானாம்.