ஆடியில் காலியான மாடி

கூட்டேரிப்பட்டுக்கு இன்னும் பாதித் தூரம் இருந்தது. ஆடிக் காற்று எதிரே அடித்து, நாலுவழிச் சாலையின் மண்ணையெல்லாம் வாரி முகத்தில் கொட்டியது. தோளில் ஒரு பை. உள்ளே இரண்டு சட்டை, ஒரு கைலி, ஒரு போர்வை. பஸ்ஸுக்குக் காசு இருந்தது. பஸ்ஸுக்காக ஒரு இடத்தில் நிற்கத்தான் முடியவில்லை. நடந்தால் மனசு கொஞ்சம் அடங்கும் என்று தோன்றியது. திண்டிவனத்தில் நான் விட்டுவிட்டு வந்தது ஒரு மாடிக் கட்டடம். அதில் பாதி எனக்குச் சொந்தம், மறுபாதி அக்காவுக்கு. அன்றைக்குப் படுக்க எனக்கு இடமில்லை.

தொண்ணூற்று மூன்றில் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டு, விழுப்புரத்தில் ரயில் ஏறியவன் நான். பெல்லாரியில் கல் உடைத்தேன். திருப்பூரில் சாயப்பட்டறை, சூரத்தில் துணி மூட்டை, நடுவில் கொஞ்சகாலம் லாரியில் கிளீனர். எங்கேயும் ஒரு வருஷம் முழுசாக இருந்ததில்லை. வேலை பிடிக்காமல் கிளம்பினேன் என்று சொல்ல முடியாது. பிடித்த வேலையையும் விட்டுவிட்டுத்தான் வந்தேன். காலையில் எழுந்தால் நேற்றுப் பார்த்த அதே சுவர் எதிரே நிற்கும். அது போதும், பையைத் தேட ஆரம்பித்துவிடுவேன்.

கூடப் பிறந்தது ஒரு அக்கா. கெடாரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமா இறந்த பிறகு மல்லாட்டையும் கேப்பையும் போட்டு, இரண்டு ஏக்கரை அவளே பார்த்துக்கொண்டாள். நான் அனுப்பிய பணத்தைத் தொடாமல் சேர்த்து வைத்திருந்தவளும் அவள்தான். ஒருமுறை ஊருக்கு வந்தபோது, "உன் காலைக் கட்டிப்போட ஒரு இடம் பார்த்து வச்சிருக்கேன்" என்றாள். திண்டிவனத்தில் பழைய ரோட்டின் மேல் ஒரு கட்டடம். கீழே இரண்டு கடை. மேலே ஒரு குடித்தனத்துக்கு வீடு, அதற்குப் பின்னால் ஒட்டினாற்போல் ஒற்றை அறை. சென்னைக்குப் போகிற பஸ்ஸெல்லாம் அந்தக் கடை வாசலை உரசிக்கொண்டுதான் போகும். வாடகை வராமல் எங்கே போகும் என்று அவள் கணக்கு.

சேர்த்து வைத்தது பாதி விலைக்குக்கூடப் போதவில்லை. மாடிக்குப் பிளான் அப்ரூவல் இல்லை என்று பேங்கில் கையை விரித்துவிட்டார்கள். கடைசியில் விழுப்புரத்தில் ஒரு பைனான்ஸ்காரர் கொடுத்தார். அடமானத்துக்குக் கட்டடம் போதாது, கெடார் நிலம் வேண்டும் என்றார். சேர்ந்தாற்போல் மூன்று தவணை தவறினால் நிலத்தை அவரே விற்றுக்கொள்ளலாம் என்று அக்காவிடம் பவர் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டார். அவள் கையெழுத்துப் போடும்போது நான் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே வா என்று யாரும் கூப்பிடவில்லை. நானும் போகவில்லை.

கட்டடம் வைத்திருப்பவன் உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்று வெளியே பேச்சு. நான் உட்கார்ந்து பார்த்ததில்லை. மோட்டார் ரிப்பேராகும், டிரெயினேஜ் அடைக்கும், மாடியில் தண்ணீர் நின்று கீழ்க்கடைச் சீலிங்கில் ஊறும். இத்தனைக்கும் நடுவில் தவணை நாள் வந்துவிடும். பின்னறையில் ஒரு பாயும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். கீழே வலப்பக்கக் கடையில் ஒரு தையல்காரர். என்னை 'முதலாளி' என்றுதான் கூப்பிடுவார். "இன்னா முதலாளி, சட்டைல பட்டன் இல்லாம சுத்தறீங்க? முதலாளிங்கள்லாம் இப்டிதான் இருக்கணும்னு சட்டமா?" என்று சிரித்துக்கொண்டே பட்டன் தைத்துக் கொடுப்பார். வாடகை மட்டும் தேதி தவறாமல் வந்துவிடும்.

நாலுவழிச் சாலை போட்டு முடிந்ததும் சென்னை பஸ்ஸெல்லாம் ஊருக்குள் வராமல் பாலத்து மேலேயே போக ஆரம்பித்தன. இடப்பக்கக் கடையில் டிபன் போட்டவர் சித்திரையோடு பூட்டிவிட்டார். கேட்டு வந்தவர்களும் வாசலில் நின்று, ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்தக் கடை வாடகை நின்ற பிறகு இரண்டு தவணை கட்ட முடியவில்லை. பைனான்ஸ்காரர் ஆளனுப்பினார். வந்தவர் சத்தம் போடவில்லை. "அக்கா நெலம் நல்லாருக்குதாங்க? தண்ணி வசதி எப்டி?" என்று மட்டும் விசாரித்தார். அதற்குப் பிறகு எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

மூன்றாவது தவணையை எப்படியாவது கட்டிவிடலாம் என்று மாடி வாடகையை நம்பியிருந்தேன். ஆனி முடிகிற வாரம் மாடிக் குடித்தனக்காரர் வந்தார். "அக்ரிமென்ட் முடியுதுங்க. மச்சான் பாண்டிச்சேரில ஊடு பார்த்துட்டாரு. காலி பண்ணிக்கிறோம்" என்றார். அட்வான்ஸ் பணம் எப்போதோ மாடித் தளத்துக்கு ஓடு பதித்ததில் போய்விட்டிருந்தது. அது அவருக்கும் தெரியும். "அடுத்த ஆள் வந்ததும் குடுங்க, ஆனா ஜல்தி பாருங்க" என்று நல்லபடியாகத்தான் சொன்னார். ஆனி கடைசியில் சாமான் ஏற்றிக்கொண்டு போனார். மறுநாள் ஆடி பிறந்தது.

யாரும் வரவில்லை. புரோக்கரிடம் போனால் சிரித்தார். "ஆடில எவன்யா பால் காச்சுவான்? ஆவணில வா."

அன்றைக்குத்தான் தையல்காரர் கடை ஸ்டூலில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினேன். பத்திரம் எழுதுகிறவர் வழக்கம்போலப் பதினோரு மாதத்துக்கு எழுதியிருந்தார். பதினோரு மாதம் என்றால் ரிஜிஸ்டர் பண்ண வேண்டியதில்லை என்று எல்லாரும் அப்படித்தான் எழுதிக்கொள்கிறார்கள். புது வீட்டுக்கு ஜனங்கள் வருவது ஆடி போன பிறகு ஆவணியில். ஆவணியிலிருந்து பதினோரு மாதம் எண்ணினால் ஆனியோடு முடிகிறது. வீடு காலியாகிற நாளும், யாரும் குடி வராத மாதமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. நாங்களே எழுதி, நாங்களே கையெழுத்துப் போட்டு, வருஷாவருஷம் அந்தக் குழியை வெட்டி வைத்திருந்தோம்.

"இத்தினி வருஷமா யாருக்கும் தெரியலையா?" என்றேன்.

"தெரிஞ்சி இன்னா பண்றது? ஆடின்னா ஊட்டுக்காரன் பட்டினி, ஆவணின்னா குடித்தனக்காரன் பட்டினி" என்றார் தையல்காரர், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

அவர்தான் ஆளையும் கொண்டுவந்தார். அனந்தபுரத்திலிருந்து மாற்றலாகி வந்த ஒரு நர்ஸ். யூனிபார்ம் தைக்கக் கொடுக்க வந்த இடத்தில் வீடு கேட்டிருக்கிறார். வேதக்காரக் குடும்பம். புருஷன் ஆட்டோ ஓட்டுகிறார், கூடவே மாமியார். புருஷனும் பொண்டாட்டியும் மாடிக்கு வந்து பார்த்தார்கள். "எங்களுக்கு ஆடியும் ஒண்ணுதான் ஆவணியும் ஒண்ணுதான் அண்ணே. தண்ணி வருதா, அத்தச் சொல்லுங்க" என்றார் நர்ஸ். வரும் என்றேன். அட்வான்ஸும் முதல் மாத வாடகையும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து கொடுப்பதாகச் சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் அக்காவுக்குப் போன் பண்ணினேன். நல்ல சேதி என்று நினைத்துத்தான் சொன்னேன்.

"ஆடில ஆள ஏத்தப் போறியா?" என்றாள். "அவங்களுக்கு ஒண்ணும் ஆவாதுடா. ஊடு யாருது? நம்புள்து. நெலம் யாருது? போறது எல்லாம் நம்புள்துதான் போவும்."

"காலியா கெடந்தாலும் நெலம் போவும்க்கா. மூணாவது தவணை வருது."

"ஆட்ட வித்து கட்டறேன்."

"ஆடு பத்தாது."

போனை வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை திருவக்கரைக்குப் போய் அம்மனைக் கும்பிட்டுவிட்டு, நெற்றி நிறையக் குங்குமத்தோடு நேராகக் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தாள். அவர்களைப் பார்த்து முடியாது என்று சொல்லிவிட்டுப் போகத்தான் வந்திருந்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

நர்ஸ் வந்தார், புருஷன் வந்தார். அந்தக் கிழவி மட்டும் மாடிப்படி பாதியில் நின்றுவிட்டது.

"ஏறுங்க அத்தை" என்றார் நர்ஸ்.

"நீ ஏறு. நான் வரல."

"கால் வலிக்குதா?"

"கால் இன்னா கால். ஆடிடீ இது. கோயிலுக்குப் போறோம், செபம் பண்றோம், அதெல்லாம் சரி. ஆடி ஆடிதானே? எங்க மாமியா என்ன ஆடில வாசப்படி தாண்ட உட்டதில்ல. சாமியாரு வந்து மந்திரிச்சா மட்டும் ஆடி தை ஆயிடுமா?"

மகன், "எம்மா, பேஜாரு பண்ணாத" என்றார். கிழவி படியில் உட்கார்ந்துகொண்டது. நர்ஸ் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பணம் இருந்த கைப்பை அவர் தோளில் அப்படியே தொங்கியது. "மன்னிச்சுக்குங்க அண்ணே. பெரியவங்க மனசு கோணி வந்தா நல்லாருக்காது" என்று திரும்பினார்.

அக்காவைப் பார்த்தேன். அவள் நினைத்து வந்த காரியம் வாயைத் திறக்காமலே முடிந்துவிட்டது. அந்த மூன்று பேரும் கைப்பையோடு படி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பையைக் கீழே வைத்தாள்.

"பெரியம்மா, இருங்க" என்றாள். "ஆடில இன்னாத்த செய்யக்கூடாது? அடைச்சிக் கெடக்கிற ஊட்டத் தொறந்து புதுசா அடுப்பு மூட்டக்கூடாது. அதானே?"

"அதான்."

"இது அடைச்சிக் கெடக்கலியே. பின்னாடி ரூம்புல எந்தம்பி கீறான். ஆனிலயும் சமைச்சான், ஆடிலயும் சமைக்கிறான். அடுப்பு அணையவே இல்ல. அவன் ஏத்தி வச்ச அடுப்புல நீங்க ஒல வையுங்க. ஆள் மாறுது, அவ்ளோதான். அடுப்பு ஒண்ணுதான். இது குடி வர்ற கணக்குல வராது."

கிழவி யோசித்தது. "அந்த ரூமும் எங்களுக்கா?"

"ஊட்டோட சேத்திதான்."

"அப்ப இந்தப் புள்ள?"

"அவனுக்கு ஒரு எடத்துல கால் நிக்காது பெரியம்மா. இத்தினி நாள் இருந்ததே பெருசு" என்றாள் அக்கா. என்னைப் பார்க்கவில்லை. அவள் காதோரம் வியர்த்திருந்தது.

இதைக் கேட்டு நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க சாமியாருக்கு மட்டும் இத்தச் சொல்லிடாதீங்க" என்றார். பின்னறைக்கும் சேர்த்து வாடகை கூட்டிப் பேசினோம். பேசி முடித்ததும் நான் உள்ளே போய் ஸ்டவ்வுக்குக் காற்றடித்துப் பற்றவைத்தேன். கிழவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சுவரில் மாதா படத்தைச் சாய்த்து வைத்து, சிலுவை போட்டு, என் குண்டானிலேயே தண்ணீரை ஊற்றியது. அக்காவும் பக்கத்தில் குந்திக்கொண்டு அரிசி களைந்து கொடுத்தாள். இரண்டு பேரும் கொஞ்சநேரத்தில் மருமகள்களைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அக்காவுக்கு மருமகளே கிடையாது.

அட்வான்ஸ் அப்படியே பாண்டிச்சேரி போனவருக்குப் போயிற்று. கையில் நின்றது ஒரு மாத வாடகை. தையல்காரர் வாடகையோடு சேர்த்தாலும் தவணைக்குக் கொஞ்சம் குறைந்தது. அடுத்த மாதமும் அதே அளவு குறையும், டிபன் கடைக்கு ஆள் வருகிற வரைக்கும் குறைந்துகொண்டேதான் இருக்கும். அந்தக் குறையை நான் எங்காவது போய்ச் சம்பாதித்து அடைக்க வேண்டும். அக்கா அதைச் சொல்லவில்லை. சோறு வெந்ததும் முதல் தட்டை எனக்குத்தான் போட்டார்கள். சாப்பிட்டேன்.

பையை எடுத்தபோது அக்கா படி வரைக்கும் வந்தாள். "சூரத்து கீரத்துன்னு போயிடாதடா" என்றாள். "போனா இந்த முறை நெலத்தத் தேடிக்கினுதான் வரணும் நீ."

"விழுப்புரம்தான் போறேன்" என்றேன். அதுவரைக்கும் எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியாது.

தையல்காரர் கடையிலிருந்து எட்டிப் பார்த்தார். "முதலாளி காலி பண்ணிக்கினு போறாரு பாரு. அட்வான்ஸ் கேட்டு வாங்கினீங்களா முதலாளி?"

இப்படித்தான் அந்த நாலுவழிச் சாலைக்கு வந்து சேர்ந்தேன். கூட்டேரிப்பட்டு தாண்டி, செங்கல் இறக்கிவிட்டு வந்த ஒரு காலி லாரியில் ஏற்றிக்கொண்டார்கள். தொட்டியில் நின்றுகொண்டு போனேன். காற்றில் செங்கல் தூள் பறந்து கண்ணைத் திறக்க முடியவில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு உடம்பு லேசாக இருந்தது. அது எனக்கே பிடிக்கவில்லை. விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கியதும், வடக்கே போகிற வண்டி எது என்றுதான் கண் முதலில் போர்டைத் தேடியது. டிக்கெட் கொடுக்கிற இடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிளாட்பாரத்தில் படுத்தேன்.

காலையில் கூட்ஸ் ஷெட்டுக்குப் போனேன். சிமென்ட் வேகன் வந்து நின்றிருந்தது. மேஸ்திரி என் முகத்தைப் பார்க்கவில்லை, தோளை மட்டும் அமுக்கிப் பார்த்தார்.

"எங்கருந்து வர்ற?"

"திண்டிவனம்."

"அங்க இன்னா பண்ணிக்கினு இருந்த?"

"சொந்தமா ஒரு கட்டடம் கீது. பார்த்துக்கினு இருந்தேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்களில் ஒருத்தர், "எனக்கு மவுண்ட் ரோடுல நாலு கீது" என்றார்.

மேஸ்திரி சிரிக்கவில்லை. "எத்தினி நாள் இருப்ப? ஒரு வாரம் தூக்கிட்டு ஓடிப்போறவன்னா இப்பவே போயிடு. வேகன் பாதில நின்னா ரயில்வேக்காரன் போடற டேமரேஜ் பைன யாரு கட்றது?"

இந்தக் கேள்விக்கு நான் எங்கேயும் உண்மையான பதில் சொன்னதில்லை. "லோன் முடியிற வரைக்கும் இருப்பேன்" என்றேன்.

"லோன் வாங்காதவன் இங்க எவன் கீறான்?" என்று சாக்குத் துணி ஒன்றை என்மேல் எறிந்தார். அதைத் தலையில் மடித்துப் போட்டுக்கொண்டு, வேகன் வாசலில் முதுகைக் காட்டி நின்றேன். உள்ளே இருந்த இரண்டு பேர் முதல் மூட்டையைத் தூக்கி வைத்தார்கள்.