தானா வந்து உட்கார்ந்த குழு

ஜோர்டானின் அம்மான் நகரில், அஷ்ரஃபியா மலைச்சரிவில், மொட்டைமாடியில் புறா வளர்க்கிறவன் எவனும் அபு லைத்தின் குரலைக் கேட்காமல் கூண்டைத் திறந்ததில்லை. தொண்டைக்குள் பொரி சிக்கிக்கொண்ட மாதிரி ஒரு குரல். விடிந்ததும் மாடியேறி, காற்றைப் பார்த்து, கைபேசியில் பேசி, ‘மாடிக்காரர்கள்’ குழுவில் போட்டுவிடுவார்.

“டேய் பசங்களா, கிழக்கத்திக் காத்து, புழுதியும் வருது. குஞ்சுங்கள அவுத்து விடாதீங்க. விட்டுட்டு அப்புறம் எங்கிட்ட வந்து மூக்கச் சிந்தாதீங்க.”

இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் கேட்பார்கள். நாலு பேராவது அதே கரகரப்பில் பேசிக்காட்டிப் பதில் போடுவார்கள். “டேய் பசங்களா, எனக்கு மூட்டு வலி, டீ கொண்டாங்க!” அபு லைத் திட்டுவார். திட்டிவிட்டு அதையே மறுபடி மூன்று தரம் போட்டுக் கேட்பார்.

வீட்டில் வேறு பேச்சு கிடையாது. மகன் லைத் குவைத்தில். மகளின் பிரசவத்துக்கு இர்பித் போன மனைவி, பேரனைத் தூக்கிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாள். போனில்தான் குடும்பம் நடத்தினாள். “புறாவுக்குப் போட்டதுல மிச்சம் இருந்தா நீங்களும் ரெண்டு வாய் சாப்பிடுங்க” என்பாள்.

குழுவை ஆறு வருஷம் முன்னால் தொடங்கியவர் அவர்தான். சட்டங்களை எழுதியவரும் அவர்தான். முதல் சட்டம் மாடிக்காரர்களின் பழைய வழக்கம். இரண்டு பேருக்குள் சமாதானம் என்றால், வழிதவறி வந்த புறாவைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சண்டை என்றால், எந்த மாடியில் இறங்கியதோ அந்த மாடிக்காரனுக்கே சொந்தம். திரும்ப வேண்டுமா? வெள்ளிக்கிழமைப் பறவைச் சந்தையில், நாலு பேர் முன்னால், “அது உன்னுது” என்று வாயால் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு கொடுப்பதும் கொடுக்காததும் அவன் இஷ்டம். இதை வைத்து அபு லைத் எத்தனையோ வழக்கு தீர்த்திருக்கிறார். அழுத பையன்களிடம்கூட, “சட்டம்டா, சட்டம்!” என்றுதான் சொல்லியிருக்கிறார்.

பங்குனியில் கண்புரை ஆபரேஷன். பத்து நாள் கைபேசியைத் தொடக் கூடாது என்றார் டாக்டர். குழுவின் சாவியை, அதாவது அட்மின் பொறுப்பை, அடுத்த சந்து நிதாலிடம் கொடுத்தார். நிதால் ரொட்டி அடுப்பில் இரவு வேலை பார்க்கிறவன், கைபேசி விவரம் தெரிந்தவன். ஒரு கறுப்புவால் புறாவால் இரண்டு பேருக்கும் நாலு வருஷமாகச் சண்டை. ஆனால் அந்தச் சண்டை மாடியோடு சரி. கீழே இறங்கினால் ஒரே கடையில் டீ.

பதினோராம் நாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கைபேசியைத் திறந்தார். குழுவின் சாவி வரவில்லை. போன் போட்டார்.

“நிதால், சாவியக் குடுப்பா.”

“எந்தச் சாவி அபு லைத்?”

“விளையாடாதே. என் குழு.”

“உங்க குழுவா? நான் என்ன வலை வீசியா புடிச்சேன்? நீங்களே அனுப்பி வச்சீங்க, தானா வந்து என் மாடியில உக்காந்துச்சு. நமக்குள்ள சண்டையா, சமாதானமா? நீங்களே சொல்லுங்க.”

அபு லைத் யோசித்தார். பொய் சொல்ல வராது.

“சண்டைதான்.”

“அப்ப சரி. முதல் சட்டம் யாரு எழுதுனது?”

அன்று சாயங்காலமே அவரைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டான். “அபு லைத் எங்கே?” என்று கேட்டவர்களின் கேள்வியும் மறைந்தது. கரகரக் குரலில் பேசிக்காட்டியவன் ஒருவன் ஒரு வாரம் வாய்ப்பூட்டு வாங்கினான். யாரோ ஒருவன் தன் பிள்ளை லைத்துக்குப் பிறந்தநாள் வாழ்த்துப் போட, அந்தப் பேருக்காகவே அதுவும் போய்விட்டது. முதல் வாரம் மூன்று பேர் போன் செய்து, “அநியாயம் அம்மோ” என்று சித்தப்பா முறை வைத்து வருத்தப்பட்டார்கள். இரண்டாம் வாரம் ஒருத்தன், அவனும் சோளம் என்ன விலை என்று கேட்க. அப்புறம் யாரும் இல்லை.

போலீசில் சொல்லலாமா என்று மனைவியைக் கேட்டார். அவள் சிரித்தாள்.

“புறாக்காரன் சாட்சி கோர்ட்டுலயே செல்லாதுன்னு ஊரே சொல்லுது. உங்க புகார எவன் எடுப்பான்? இங்க வந்து பேரனத் தூக்குங்க.”

“புறாவ யாரு பாக்குறது?”

“அதான பாத்தேன்” என்று வைத்துவிட்டாள்.

விடிந்தால் கை தானாகக் கைபேசிக்குப் போனது. காற்றைச் சொல்லிப் பதிவு செய்வார். அனுப்ப இடமில்லை. இருபது நாளில் இருபது காற்று சேர்ந்துவிட்டது.

நாலாவது வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போனார். தீவனக்கடை ஜிர்யிஸ் அவரைப் பார்த்ததும் முக்காலியைத் தட்டிப் போட்டார்.

“சொல்லிடு அபு லைத். ஒத்த வரி. நாக்கு தேஞ்சா போயிடும்?”

“நான் உண்டாக்குனதுய்யா அது.”

“முட்டையிட்டது நீதான். இப்ப உக்காந்திருக்கிறது அவன் கூண்டுல.”

கூண்டுகளுக்கு நடுவே நிதால் ஒரு ஜோடிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தான். அபு லைத் போய் நின்றார். கூட்டம் மெல்லத் திரும்பியது.

“அது உன்னுது” என்றார். பொரி இன்னும் ஆழமாகச் சிக்கிக்கொண்ட குரல்.

நிதாலுக்கு முகம் சிவந்துவிட்டது. கையிலிருந்த புறாவை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழித்தான். அவர் வந்து சொல்லுவார் என்று அவன் நினைத்திருக்கவே இல்லை.

“உள்ள வாங்க, இப்பவே சேக்குறேன். சாவி மட்டும் எங்கிட்ட இருக்கட்டும். நீங்க போடுறத நான் ஒரு தடவ பாத்துட்டு விடுறேன். எல்லாருக்கும் அப்படித்தான்.”

எல்லாருக்கும் அப்படி இல்லை. அவருக்கு மட்டும்தான். அது அங்கே நின்றவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

மறுநாள் விடியற்காலை கிழக்கிலிருந்து காற்று எழும்பியது, மண் வாசனையோடு. அபு லைத் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார், அனுப்பினார். ‘ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது’ என்று வந்தது. மாடிச் சுவரில் சாய்ந்து காத்திருந்தார். நிதால் அடுப்பு வேலை முடிந்து வந்து படுத்தால் சாயங்கால அஸர் தொழுகைக்குத்தான் எழுவான். அவன் எழுந்து, டீ குடித்து, செய்தியை விட்டபோது பொழுது சாய்ந்திருந்தது. காற்று எப்போதோ மேற்கே திரும்பி, ஜில்லென்று வீசிக்கொண்டிருந்தது.

குழுவே சிரித்தது.

“அம்மோ, கிழக்கத்திக் காத்தா? கிழக்க போயி பாக்தாத்ல வீடு வாங்கிட்டீங்களா?”

“கண்ணுல ஆபரேஷன், மூக்குலயும் பண்ணிட்டாங்க போல!”

புதுசாகச் சேர்ந்த ஒருவன், “யார் இந்தப் பெரியவர்?” என்று கேட்டிருந்தான்.

காலையில் சொன்னதுடா என்று அபு லைத் பதில் பேசினார். அதுவும் ஒப்புதலுக்குக் காத்திருந்தது.

கடைசிப் புறாக் கூட்டம் இறங்கியதும் கூண்டை மூடினார். கீழே போகவில்லை. மேற்கில் மேகம் எப்படி நிற்கிறது, தூரத்துப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று வெகுநேரம் பார்த்தார். அடுத்த நாள் காற்றை எந்த மாடிக்காரனும் முந்தின நாளே சொல்ல மாட்டான். சொன்னால் அவனைக் கிறுக்கன் என்பார்கள், அவரே என்றிருக்கிறார். ஆனால் இப்போது அனுப்பினால்தான் நிதால் வேலைக்குக் கிளம்புமுன் பார்த்து உள்ளே விடுவான், விடியலில் அவர்கள் கையில் இருக்கும்.

“டேய் பசங்களா,” என்று ஆரம்பித்தார். “நாளைக்கு...”

நிறுத்தினார். பொத்தானை அமுக்கியபடியே, இன்னும் வராத காற்றுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.