இடது கையால் தோய்த்த கத்தரிக்காய்

பழுகாமத்தில் தனியாக இருக்கிறேன். ஒரே மகள் கட்டாரில் வேலை செய்கிறாள். கணவரின் முதலாம் ஆண்டுத் திவசத்துக்கு, அவருக்குப் பிடித்த ரஸ்க் தூள் பிரட்டிய கத்தரிக்காயைப் படைக்க நினைத்தேன். தூள் ஒட்டுவதற்கான முட்டையைப் படையலில் சேர்க்க முடியாது. பொரித்த சாப்பாடு எனக்கும் ஆகாது. மகள் வாங்கித் தந்த ஓவனில் திவசத்துக்கு முதல்நாளே செய்து பார்த்தேன்.

வட்டமாக வெட்டிய துண்டுகளைக் கடலைமாக் கரைசலில் தோய்த்து, தூளில் பிரட்டி, உள்ளே வைத்தேன். வெளியே எடுத்தால் தூளெல்லாம் கட்டி கட்டியாகத் தட்டில் கிடக்கிறது, கத்தரிக்காய் மொட்டை! அவர் இருந்த காலத்தில் ஒருநாளும் இப்படி உதிர்ந்ததில்லை. அழுகை வந்துவிட்டது.

மகளுக்கு வீடியோ கோல் எடுத்து, மறுபடி செய்து காட்டினேன்.

"அம்மா, தோய்ச்ச கையாலயே பிரட்டுறீங்க. ஈரம் பட்டுத் தூள் கட்டியாகுது. தோய்க்கிறதுக்கு இடது கையப் பாவிங்க, பிரட்டுறதுக்கு வலது கைய."

"படையல் சாப்பாட்டில இடது கை படலாமா புள்ள?"

"அப்பா எந்தக் கையால தோய்க்கிறவர்?"

அவர் இடதுகைக்காரர். அவர் தோய்த்துப் போடுவார், நான் பிரட்டுவேன். "அந்தக் கைய எடுங்க" என்று எத்தனை தரம் ஏசியிருப்பேன்!

இப்போது இடது கையால் தோய்த்து, வலது கையால் பிரட்டுகிறேன். தூள் உதிர்வதில்லை. இடது கைதான் இன்னும் பழகாமல் கரைசலைச் சிந்துகிறது. அதை நான் ஏசுவதில்லை.