கேட்காமல் விட்ட உருபு

அலுவலகத்தில் ஜப்பானிய வாடிக்கையாளர்கள் வந்ததால், அம்பத்தூரில் ஞாயிறு ஜப்பானிய மொழி வகுப்பில் சேர்ந்தேன். மூன்றாவது வாரம் ஒட்டுச்சொற்கள்.

"தமிழ்க்காரங்களுக்கு இது சுலபம், பேருக்குப் பின்னாடி ஒட்டுறதுதான்" என்றார் ஆசிரியை. "நி-ன்னா நம்ம 'க்கு'. கரா-ன்னா 'இருந்து'. ஓ-ன்னா 'ஐ'." 'வா' மட்டும் என்னைப் படுத்தியது. எழுதுவது ஹ, படிப்பது வா. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று காட்டுமாம்; தமிழில் அதற்கு நேராக ஒன்றும் கிடைக்கவில்லை.

அந்த மாதமே அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் பேச்சு திரும்பியபோது வெறும் பெயர்களும் ஒன்றிரண்டு வினைகளும்தான் வந்தன. ஒட்டுகிற எதுவும் வரவில்லை.

"தண்ணி... அம்மா... குடு."

"அம்மாவுக்குக் குடுக்கணுமாப்பா? அம்மா குடுக்கணுமா?" ஒவ்வொன்றாகக் கேட்பேன். சரியானது வந்தால் தலையாட்டுவார்.

ஒருநாள் காலை, "அண்ணன்... ஊடு" என்றார். மூன்று முறை சொன்னார். திருமுல்லைவாயிலில் இருக்கும் பெரியப்பாவோடு அவர் பேசி ஆறு வருடம் ஆகியிருந்தது. தாத்தா காரியத்தில் வந்த வாய்த்தகராறு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வழக்கமாகக் கேட்பதை அன்று கேட்காமலே ஆட்டோ பிடித்து அவரை அங்கே கூட்டிப்போனேன்.

பெரியப்பா வீட்டு வாசலைப் பார்த்ததும் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இல்ல... ஊடு... நம்ம..." என்று அழுதார். இறங்கவே இல்லை. கதவருகே வந்த பெரியப்பா ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

திரும்பும் வழியில், அயனம்பாக்கம் ஏரியைத் தாண்டும்போது கேட்டேன். "பெரியப்பா நம்ம வீட்டுக்கு வரணும்னு சொன்னீங்களாப்பா?"

கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார்.

மறுநாளே போய் பெரியப்பாவை அழைத்திருக்கலாம். அவர் உள்ளே போன விதம் நினைவுக்கு வந்து, நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினேன். ஒன்பதாம் நாள் அப்பாவுக்கு மறுபடி வந்தது. இந்தமுறை பிழைக்கவில்லை.

பெரியப்பா வந்து கால்மாட்டில் உட்கார்ந்தார். "அன்னிக்கு என்னைப் பாக்கப் புடிக்காமதான் மூஞ்சத் திருப்பிகினான்னு நெனச்சேம்மா" என்றார்.

நடந்ததை மறைக்காமல் சொன்னேன். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பதினாறாம் நாள் வரை தினமும் வந்தார்.