இலையோடு எழுந்து போனவர்

கோயில் கொடைத் திருவிழாவுக்கு எங்கள் ஊர் மேளம் கேட்க வந்த அமெரிக்கப் பாடகர் அவர். கறுத்த முகம், நரைத்த சுருள்முடி. எப்போதும் ஏதோ மெட்டை முணுமுணுத்தபடி இருப்பார். பந்தியில் முதல் இலை போட்டு அவருக்குச் சோறு வைத்தேன்.

"மேளக்காரங்க எங்கன்னு கேக்காவ," என்றார் கூட வந்த டீச்சர்.

"அவிய கடைசில, வெளிய சாப்பிடுவாவ டீச்சர்."

அவர் பதிலுக்குச் சொன்னதை டீச்சர் தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னார். "இவிய பாடுதது ஏழைக் கறுப்பர் கதை, இசை நாடகம். எழுதுனவுக வெள்ளைக்காரவுக, ஆனா கறுப்பர்தான் பாடணும்னு சொல்லிட்டாவளாம். முன்னால ஒரு ஊர்ல, பாட்டு கேக்க வந்த கறுப்பர உள்ள விடலையாம். அப்ப பாடுனவிய, எங்காளுகளையும் உக்கார வச்சாத்தான் பாடுவோம்னு நின்னு சாதிச்சிருக்காவ."

பாடகர் இலையைத் தூக்கிக்கொண்டு போய், வெளியே காத்திருந்த மேளக்காரர்களோடு உட்கார்ந்தார். சாம்பார் வாளியோடு நானும் வாசல்வரை போனேன்.

"ஏலே, அங்கன எங்க போற?" என்றார் பெரியப்பா.

ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்து திரும்பிவிட்டேன். பாடகர் மெட்டை முணுமுணுத்தபடியே வெறுஞ்சோற்றைத் தின்றார்.