கத்திக்குப் பிடி போடப் போன இடத்தில்

இரண்டு வருடங்களுக்கு முன், பல்கலைக்கழகத்திலிருந்து சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்கு, இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். மச்சான், அதாவது அக்காவின் கணவர், உடைந்த லொறி ஸ்பிரிங் தகட்டைத் தீட்டி, விறகு வெட்ட ஒரு கத்தி செய்து வைத்திருந்தார். அதற்குக் கொய்யாக் கட்டையில் பிடி போட வேண்டும். கத்தியின் பின்முனையான வாலைப் பழுக்கக் காய்ச்சிக் கட்டைக்குள் இறக்கினால், அது எரித்துக்கொண்டே உள்ளே போய் இறுகிவிடும்.

அக்கா அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. அடுப்படிக்குப் போன எங்களை மறித்துவிட்டாள்.

“வயித்துல புள்ள இருக்கையில வீட்டுக்குள்ள எதையும் துளைக்கக் கூடாதுங்க. வெளிய போங்க ரெண்டு பேரும்!”

“பாத்தீங்களா மச்சான், சொந்த லயத்துலயே என்னைய வெரட்டுறா,” என்றார் அவர் என்னிடம்.

வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு மேலே, தேயிலை ஓரத்தில் நின்ற பெரிய யூக்கலிப்டஸ் மரத்தடியில் காற்று படாது. அங்கே தீ மூட்டினோம். கையில் சூடு படாமலிருக்க ஒரு சாக்கையும் நனைத்து வைத்துக்கொண்டோம். நான் கட்டையைப் பிடிக்க, அவர் கத்தியை இறக்கினார். புகை குப்பென்று எழுந்தது.

“ஆட்டாம புடிங்க. கெம்பஸ்ல இதெல்லாம் சொல்லித் தரலையா?”

சிரித்துக்கொண்டே நிமிர்ந்தேன். மேலே கிளையில் கறுப்பாக ஏதோ தொங்கியது. அதன் மேல்பரப்பு அலையலையாய் அசைந்தது. குளவிக் கூடு.

எங்கள் தோட்டத்தில் குளவி கொட்டிச் செத்தவர்கள் உண்டு. ஓடலாம் என்று திரும்பினால், கீழே பாதையில் அக்கா எங்களுக்குத் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு ஏறி வருகிறாள். இரைச்சல் தொடங்கிவிட்டது. மச்சான் கத்தியைப் போட்டுவிட்டுச் சாக்கோடு பாய்ந்தார். நானும் ஓடினேன். அவளால் ஓட முடியாது, குப்புறப் படுக்கவும் முடியாது. பக்கத்தில் மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் அவளை உட்காரவைத்து, சாக்கைப் போர்த்தி, இரண்டு பக்கமும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். எங்கள் தலையும் முதுகும் வெளியே.

முதலில் மச்சானுக்குத்தான் கொட்டியது. “ம்” என்றவர் அக்காவை இன்னும் இறுக்கிப் பிடித்தார். என் பிடரியில் ஒன்று ஊர்ந்தது. ஒன்றை நசுக்கினால் அந்த வாசனைக்கே மற்றவையும் வரும் என்று படித்திருக்கிறேன். ஆனாலும் கை தானாக மேலே போனது.

“அசையாத தம்பி... அசையாத, சாமி,” என்றாள் அக்கா, சாக்குக்குள்ளிருந்து.

அப்போது, அவளைச் சுற்றியிருந்த என் மற்றக் கையில், வயிற்றுக்குள்ளிருந்து ஓர் உதை. உயர்த்திய கையை இறக்கிவிட்டேன்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ தெரியாது. மழை இறங்கியதும்தான் இரைச்சல் அடங்கியது. மச்சானின் கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. எங்கள் இருவரையும் ஆஸ்பத்திரி வார்டில் மறித்து வைத்தார்கள். அக்காவுக்கு ஒரு கொட்டுகூட இல்லை.

அக்காவின் மகள், என் மருமகள், இப்போது லயம் முழுக்க ஓடித் திரிகிறாள். அன்று நான் தைரியமாக இருந்தேன் என்கிறார்கள். எழுந்து ஓட என் உடம்பெல்லாம் துடித்தது எனக்கு மட்டும்தான் தெரியும். என்னை அங்கே இருத்திவைத்தவள் அப்போது பிறந்திருக்கவே இல்லை.