பூரணத்தின் கிணற்று உப்பு

நிலாவெளியில் பூரணத்தை ஒருமுறை பகைத்தவர் இரண்டாம் முறை பகைக்க மாட்டார். அவளுடைய வெங்காயக் கூடையைக் காலால் தள்ளிய குச்சவெளி பஸ் நடத்துநர் இன்றைக்கும் அவளுக்கு எதிரிதான். அவன் பஸ் வந்தால் ஏற மாட்டாள். வெயிலில் நின்று அடுத்ததுக்குக் காத்திருப்பாள். புருசன் போன பிறகு தனியாளாக வெங்காயத் தோட்டம் செய்கிறவள். தோட்டத்துக்கு உயிர் வளவிலிருந்த ஒரே கிணறு.

கடலுக்கும் அவள் வளவுக்கும் நடுவே கனகசபையின் வளவு. மீன் உலர்த்தும் கருவாட்டு வாடி வைத்திருந்த மனிதர், வெள்ளைக்காரருக்கு அறை வாடகைக்கு விடவென்று மாடிவீடு கட்டத் தொடங்கினார். வாகனம் விட இடம் போதாது என்று பூரணத்தின் காணியைக் கேட்டார். ஏலாது என்றாள்.

கொஞ்ச நாளில் வெங்காயத் தாள் நுனி கருகியது. கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தாள், கரித்தது. கட்டோரப் புல்லில் கல்லுப்பு சிந்திக் கிடந்தது, கருவாட்டுக்குப் போடுகிற அதே உப்பு.

ஊரைக் கூட்டி, கனகசபைதான் கிணற்றில் உப்புக் கொட்டியவர் என்றாள். கனகசபை கிணற்றை எட்டிப் பார்த்தார். தண்ணீர் பளிங்காக இருந்தது.

“கொட்டின உப்பு எங்க தங்கச்சி கிடக்கு? எனக்கொண்டும் தெரியேல்ல. கடல் ஏறியிருக்கும். இனி இந்தக் காணி ஒண்டுக்கும் உதவாது. வித்துப்போட்டு நிம்மதியா இருங்கோ.”

ஊரும் தலையாட்டியது. அந்தத் தலையாட்டலைத்தான் பூரணத்தால் பொறுக்க முடியவில்லை. கண்ணுக்குத் தெரியாவிட்டால் இல்லையென்று ஆகிவிடுமா? கரைந்த உப்பு எங்கே போகும், உள்ளேதானே கிடக்கும். அதை வெளியே எடுத்து அந்த மனிதரின் வீட்டுக்குள்ளேயே கொண்டுபோய் வைப்பது என்று அன்றே முடிவு கட்டினாள்.

கோடையின் வறண்ட கச்சான் காற்று தொடங்கியது. இறைத்த தண்ணீரை மண்ணில் விட்டால் உப்பு சுற்றிக்கொண்டு திரும்பக் கிணற்றுக்கே வரும். ஆகவே கருகிய பாத்திகளின் மேல் தண்ணீர் ஊறாத தறப்பாள் விரித்து, ஓரத்தை மண்ணால் உயர்த்தி, அதில் ஊற்றினாள். தண்ணீர் வற்றியது, வெள்ளை மிஞ்சியது. சுரண்டிச் சாக்கில் போட்டாள். பூரணத்துக்கு விசர் பிடித்துவிட்டது என்றது ஊர். கோடை முழுக்க இறைத்தாள், ஊற்றினாள், சுரண்டினாள். புது ஊற்றுச் சுரக்கச் சுரக்கக் கிணற்றில் கரிப்புக் குறைந்தது. அவள் கோபம் மட்டும் குறையவில்லை.

கனகசபை வீட்டுக் குடிபூரல் வந்தது. புது வீட்டுக்குள் முதலில் போவது உப்பு. அன்றைக்கு உப்போடு வருகிறவரை யாரும் வாசலில் திருப்பி அனுப்புவதில்லை. பூரணம் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் மூன்று மூட்டையோடு வந்து இறங்கினாள்.

“முதல்ல குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்கோ.”

கனகசபையின் மனைவி தங்கள் கிணற்றில் அள்ளிக் கொடுத்தாள். பூரணம் ஆறுதலாகக் குடித்தாள்.

“நல்ல தண்ணி. கடல் உங்கட கிணத்தைத் தாண்டி வந்து என்ர கிணத்துக்க ஏறியிருக்கு, என்ன அண்ணை?”

வந்திருந்த சனம் கனகசபையின் பக்கம் திரும்பியது.

“இது உங்கட உப்பு. பத்து மூட்டை கொட்டினியள். எனக்குக் கிடைச்சது மூண்டுதான். மிச்சத்தை நான் ஒளிச்சு வச்சிருக்கிறன் எண்டு நினைக்கக் கூடாது.”

“ஆர் சொன்னது பத்தெண்டு? நாலே நாலு மூட்டை, அதுக்குப் போய்…”

கனகசபை நாக்கைக் கடித்துக்கொண்டார். பாலுக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து புருசனைப் பார்த்தாள்.

“நாலெண்டா கணக்குச் சரி,” என்றாள் பூரணம். “மற்ற மூட்டை என்ர வெங்காயத்துக்க போயிட்டுது.”

நல்ல நேரம் தப்பப் போகிறது என்று ஐயர் அவசரப்படுத்தினார். மூட்டைக்குக் கைகொடுக்க ஒருவரும் எழும்பவில்லை. கனகசபையே பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதுகில் ஏற்றினார். ஒன்று போதும் என்றார் ஐயர். போதாது என்றாள் பூரணம். மூன்றாவது மூட்டையும் வாசற்படி தாண்டும்வரை நின்று பார்த்துவிட்டு, தோட்டத்துக்கு இறைக்கப் போனாள்.